ரேடியேட்டரை மாத்தாம இன்ஜினை மாத்தாதே!

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. கிளாஸ்ல இதுவரைக்கும் மூணு பேரு கேட்டாச்சு, "டேய், பழைய கேமிங் லேப்டாப்புல ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் மாத்த முடியுமாமே, நிஜமாவா?"ன்னு. முடியும்னு ஒரு வார்த்தையில சொல்லிடலாம். ஆனா அந்த ஒரு வார்த்தையை நம்பி யாராவது வீட்டுக் காசைக் கொண்டுபோய்க் கொட்டிட்டா பாவம் எனக்குத்தான் வரும். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன். பொறுமை இருக்கிறவங்க படிங்க, இல்லாதவங்க நேரா கடைசிக்குப் போங்க :-)

முதல்ல என் கதை. பெங்களூர்ல வேலை பார்க்கிற எங்க அத்தை பையன் அவரோட பழைய கேமிங் லேப்டாப்பை எனக்குக் குடுத்துட்டார். 17 இன்ச். தூக்கினா தோள்பட்டை இறங்கும். 2012 காலத்து மெஷின். உள்ள இருந்தது இன்டெல் கோர் ஐ7-3610க்யூஎம், கூடவே என்விடியா ஜிடிஎக்ஸ் 660எம். கம்பெனி பேரு வேணாம், இந்தக் கதையில கம்பெனி மேல குத்தம் ஒண்ணும் இல்லை. எனக்கு வேண்டியது ரெண்டு விஷயம். ஒண்ணு, கேம். (பொய் சொல்ல விரும்பலை.) ரெண்டாவது, ப்ளெண்டர். ராயபுரம் ரயில் நிலையம் தெரியுமில்லையா? 1856-ல தென்னிந்தியாவோட முதல் ரயில் கிளம்பின இடம். அந்தத் தூண் வரிசைக் கட்டடத்தை முப்பரிமாணத்துல செஞ்சு, உள்ள நடந்து போற மாதிரி காட்டறதுதான் என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். அதை வச்சுத்தான் வேலைக்கு அப்ளை பண்ணணும். அதனால இது வெறும் விளையாட்டு சமாச்சாரம் இல்லை.

அம்மா ஒரு சீட்டு எடுத்து 12,000 ரூபாய் கையில குடுத்தாங்க. "இதுக்கு மேல கேக்காதே"ன்னு ஒரே வார்த்தை. புது கேமிங் லேப்டாப் விலையெல்லாம் எங்க வீட்ல சத்தமாச் சொல்லக்கூடிய விலையே இல்லை. ஆக, இருக்கிற 12,000-த்துல எதை மாத்தலாம், எதை மாத்தக்கூடாதுங்கறதுதான் கேள்வி.

எல்லா லேப்டாப்புலயும் இது நடக்குமா?

நடக்காது. இதை முதல்ல மண்டையில ஏத்திக்குங்க. டெஸ்க்டாப்ல ப்ராசஸர் சாக்கெட்ல உட்கார்ந்திருக்கும், எடுத்துட்டு வேற போடலாம். லேப்டாப்ல ரெண்டு ரகம் உண்டு. ஒண்ணு, சிப்புக்கு அடியில ஊசி ஊசியா பின் இருக்கும், சாக்கெட்ல செருகி ஒரு ஸ்க்ரூவைத் திருகினா பூட்டிக்கும். இன்னொண்ணு, அடியில ஈயக் குண்டுமணிகள் இருக்கும், போர்டோட நேரா சால்டர் பண்ணியிருப்பாங்க. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் முதல் எழுத்து மட்டும்தான் வித்தியாசம். தமிழ்ல எழுதினா ரெண்டுமே "பிஜிஏ"தான் :-) அதனால நான் சாக்கெட் ரகம், சால்டர் ரகம்னே எழுதறேன்.

இன்டெல்லோட நாலாவது தலைமுறை, அதாவது 2013-ல வந்த ஹாஸ்வெல் வரைக்கும் லேப்டாப்புக்கு சாக்கெட் ரகம் வந்தது. அதுக்கப்புறம் வந்த தலைமுறைகள்ல லேப்டாப் சிப் எல்லாமே சால்டர். சுலபமா கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு: மாடல் நம்பரோட கடைசி எழுத்து. ரெண்டாவது, மூணாவது தலைமுறையில "க்யூஎம்"னு முடிஞ்சா பெரும்பாலும் சாக்கெட். நாலாவதுல "எம்க்யூ"ன்னா சாக்கெட், "ஹெச்க்யூ"ன்னா சால்டர். "யு"ன்னு முடிஞ்சா எந்தத் தலைமுறையா இருந்தாலும் ஆசையை விட்டுடுங்க.

கிராஃபிக்ஸ் கார்டு கதையும் இதே மாதிரிதான். 2004-ல என்விடியா, லேப்டாப் தயாரிக்கிற கம்பெனிகளோட சேர்ந்து எம்எக்ஸ்எம்னு ஒரு அமைப்பைக் கொண்டுவந்தாங்க. கிராஃபிக்ஸ் சிப்பும் அதோட மெமரியும் தனி சின்ன போர்டுல இருக்கும், அதை மதர்போர்டுல செருகிக்கலாம். எம்எக்ஸ்எம் 3.0-ல முக்கியமா ரெண்டு அளவு: 82க்கு 70 மில்லிமீட்டர் ஒண்ணு, 82க்கு 105 மில்லிமீட்டர் இன்னொண்ணு. ஏலியன்வேர் எம்17எக்ஸ், எம்எஸ்ஐ ஜிடி வரிசை, க்ளெவோ மாதிரி தடியான மெஷின்கள்ல இது இருந்தது. ஆபீஸ் பக்கத்துல டெல் ப்ரெசிஷன், ஹெச்பி எலைட்புக் ஒர்க்ஸ்டேஷன் ரகங்கள்லயும் உண்டு. மெலிசான லேப்டாப் ஃபேஷன் வந்தப்புறம் இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா காணாமப் போயிடுச்சு. ஒரு கனெக்டருக்கு வேண்டிய உயரத்தைக்கூட மிச்சம் பிடிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

என் மெஷின் 2012. ப்ராசஸர் சாக்கெட்ல, கார்டு எம்எக்ஸ்எம்ல. அதிர்ஷ்டம்னு குதிச்சேன். உடனே ஒரு லிஸ்ட் போட்டேன். ப்ராசஸர் ஐ7-3740க்யூஎம், கார்டு ஜிடிஎக்ஸ் 680எம். 660எம்-ல 384 கோர், 680எம்-ல 1344 கோர். மூணரை மடங்கு! கணக்கு இவ்வளவு சுலபமா இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்.

மாமா கேட்ட ஒரே கேள்வி

எங்க மாமா (அம்மாவோட தம்பி) எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு பக்கம் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்ல மெக்கானிக். துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் வண்டிங்க வரிசை கட்டி நிக்குமே, அதுல பாதி வண்டியோட வயித்துக்குள்ள கை விட்டவர். கம்ப்யூட்டர் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான் லிஸ்ட்டைக் காட்டி பீத்திக்கிட்டிருந்தப்போ சாப்பிட்டுக்கிட்டே கேட்டார்:

"இன்னா மாப்ள, இஞ்சினை பெருசா போடப் போறேன்றே. ரேடியேட்டரு?"

"அதே தான் மாமா."

"அப்ப வேலைக்காவாது. காசிமேட்டுல போய்ப் பாரு. லாரில ஓடுன அதே இஞ்சினை போட்டுல எறக்குவான். ஆனா ரேடியேட்டரை கய்ட்டிருவான். போட்டுக்குள்ள காத்து ஏது? கடல் தண்ணியில குளிர வைக்கிற மாதிரி வேற செட்டு போடுவான். இஞ்சின் அதே தான், சூடு போற வழி வேற. மொதல்ல சூடு எங்க போவும்னு பாரு, அப்பறம் இஞ்சினை பாரு."

மனுஷன் ரசத்தை ஊத்திக்கிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிட்டார். நான் அன்னிக்கு ராத்திரி முழுக்க அதைத்தான் படிச்சுக்கிட்டிருந்தேன். படிச்சதை அப்படியே சொல்றேன்.

ஒரு சிப் எவ்வளவு கரண்ட் தின்னுதோ, அவ்வளவும் கடைசியில சூடாத்தான் வெளிய வரும். ஐ7-3610க்யூஎம் 45 வாட் ரகம். 660எம் கார்டு சுமார் 50 வாட். ரெண்டும் சேர்ந்தா ஒரு பழைய குண்டு பல்பு சூடுன்னு வச்சுக்குங்க. 680எம் கார்டோ 100 வாட் ரகம். மாத்தினா மொத்தம் 145 வாட். அந்த சூடு முழுக்க ரெண்டு விரல் தடிமன் டப்பாக்குள்ள இருந்து, உள்ளங்கை அளவு ஃபேன் வழியா வெளிய போயாகணும்.

அதை வெளிய கொண்டுபோறது ஹீட் பைப். வெறும் செப்புக் குழாய்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். உள்ள கொஞ்சூண்டு தண்ணி இருக்கும், காத்தை உறிஞ்சி எடுத்துட்டு மூடியிருப்பாங்க. சிப் பக்கம் சூடானதும் தண்ணி ஆவியாகும், மறுமுனையில இருக்கிற தகடுகள் கிட்ட போய் குளிர்ந்து திரும்பத் தண்ணியாகும், குழாயோட உள்சுவர்ல இருக்கிற திரி மாதிரி அமைப்பு வழியா திரும்ப சூட்டுப் பக்கம் வரும். மோட்டார் கிடையாது, தேயற பாகம் கிடையாது. அந்தத் தகடுகளை ஃபேன் காத்து தொடணும், அவ்வளவுதான் அதோட ஒரே கோரிக்கை.

இதுல இன்னொரு விஷயத்தை நாம கவனிக்கறதே இல்லை. இணையத்துல 'இந்தக் கார்டு போட்டேன், 78 டிகிரிதான் வருது'ன்னு எழுதறவங்க பாதிப்பேரு குளிர் நாட்டுல 20, 22 டிகிரி ரூம்ல உட்கார்ந்திருக்காங்க. திருவொற்றியூர்ல மே மாசம் ஏசி இல்லாத மாடி ரூம்ல 34 டிகிரி சாதாரணம். ஃபேன் எவ்வளவு சுத்தினாலும் அது இழுக்கறது அந்த 34 டிகிரி காத்தைத்தான். அறை 12 டிகிரி கூடினா சிப்பும் ஏறக்குறைய 12 டிகிரி கூடும். அவங்க 78 நமக்கு 90.

சிப் எரிஞ்சிடுமான்னு கேட்டா, எரியாது. அது தன்னைத்தானே காப்பாத்திக்கும். என் ப்ராசஸருக்கு வரம்பு 105 டிகிரி. அதை நெருங்கினதும் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். கேம் திடீர்னு திக்கித் திக்கி ஓடறது பல நேரம் இதனாலதான். அதாவது, சூடு போக வழியில்லாத இடத்துல பெரிய சிப்பைப் போட்டா, பெரிய சிப்புக்குக் காசு குடுத்துட்டு சின்ன சிப்போட வேகத்தை வாங்கிட்டு வரோம்.

உப்பும் தூசியும்

சரி, முதல்ல இருக்கிற ரேடியேட்டர் எப்படி இருக்குன்னு பார்ப்போம்னு திறந்தேன். லேப்டாப் எனக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. ஃபேனுக்கும் செப்புத் தகடுக்கும் நடுவுல ஒரு சாம்பல் கலர் கம்பளி இருந்தது. கம்பளியேதான், விரலால எடுத்தா மொத்தமா ஒரே துண்டா வந்துச்சு.

நம்ம ஊரு தூசி சாதாரண தூசி இல்லைங்க. இந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், காலையில பெருக்கின மொட்டைமாடி சாயங்காலம் கறுத்திருக்கும். லாரிப் புகை, ரோட்டு மண்ணு, சாம்பல், எது எங்கருந்து வருதுன்னு பிரிச்சுப் பார்க்க என்னால முடியாது. சென்னைத் துறைமுகத்துல நிலக்கரி இறக்கறதை 2011-ல கோர்ட்டு நிறுத்த வேண்டி வந்ததே தூசிக்காகத்தான். 1970-ல ஓட ஆரம்பிச்ச எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-ல மூடிட்டாங்க, ஆனா பக்கத்துல வடசென்னை அனல்மின் நிலையம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

அதோட கடல் காத்து. காத்துல வர்ற உப்புத்தூள் ஈரத்தை இழுக்கும். காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா சாதா உப்பே தானா கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்துல உப்பு ஜாடியைத் திறந்து பாருங்க, புரியும். நம்ம ஊர்ல ராத்திரியில 75ங்கறது சர்வ சாதாரணம். அதனால இங்க தூசி உதிர்ந்து போகாது, பசை போட்ட மாதிரி ஒட்டிக்கும். உப்பு கலந்த ஈரம் செப்பைப் பச்சையாக்கும். என் மெஷின்ல தகடு ஓரத்துல லேசா பச்சை பிடிச்சிருந்தது. மாமா கிட்ட காட்டினேன். "காசிமேட்டு போட்டுல வயரெல்லாம் இப்புடித்தான் இருக்கும்"னார்.

சிப்புக்கும் செப்புக்கும் நடுவுல தெர்மல் பேஸ்ட் போட்டிருப்பாங்க. கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளத்துல காத்து நிக்காம அடைக்கிறது அதோட வேலை. 13 வருஷத்துல அது காய்ஞ்சு செங்கல் பொடி மாதிரி ஆயிருந்தது. எல்லாத்தையும் துடைச்சு, புது பேஸ்ட், கிராஃபிக்ஸ் மெமரி மேல புது தெர்மல் பேட், புது ஃபேன். மொத்தம் 1,850 ரூபாய். பேட் வாங்கும்போது ஒரு விஷயம்: பழசோட தடிமனை அளந்துட்டுப் போங்க. அரை மில்லிமீட்டர் தடிமனா வாங்கிட்டா ஹீட்சிங்க் சிப் மேல சரியா உட்காராது.

இப்ப கணக்கைப் பாருங்க. ராயபுரம் ஸ்டேஷன் முகப்பு, ப்ளெண்டர்ல ப்ராசஸரை மட்டும் வச்சு ஒரே ஒரு ஃப்ரேம் ரெண்டர் பண்ண ஆன நேரம்:

சுத்தம் பண்றதுக்கு முன்னாடி: 14 நிமிஷம்.
சுத்தம் பண்ணி பேஸ்ட் போட்டப்புறம்: 9 நிமிஷம்.

ஒரு பார்ட்டும் மாத்தலை, 5 நிமிஷம் மிச்சம்! ஐ7-3610க்யூஎம் நாலு கோரும் சேர்ந்து ஓடும்போது 3.1 கிகாஹெர்ட்ஸ் போகணும். சூட்டுல அது 2 பக்கம் நொண்டிக்கிட்டிருந்திருக்கு. அதுக்கு உரிய வேகத்தைத் திருப்பிக் குடுத்தேன், அவ்வளவுதான்.

ரிச்சி ஸ்ட்ரீட்

அடுத்தது ப்ராசஸர். தேரடியில மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்துல இறங்கினா ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கிற தூரம். அண்ணா சாலைப் பக்கம் இருக்கிற அந்தச் சின்னச் சந்துகளைத் தெரியாத சென்னைப் பையன் இருக்க முடியாது. ரேடியோ பார்ட்ஸ் காலத்துல இருந்து நம்மூர் எலக்ட்ரானிக்ஸோட தலைநகரம். பழைய லேப்டாப்பைப் பிரிச்சு பார்ட் பார்ட்டா விக்கிற கடைகள்ல தேடினா இந்த ப்ராசஸர் எல்லாம் கிடைக்குது.

ஏன் 3740க்யூஎம்-ஐ எடுத்தேன்னா, அதுவும் அதே 45 வாட் ரகம். மாமா சட்டப்படி ரேடியேட்டரை மாத்த வேண்டியதில்லை. நாலு கோரும் ஓடும்போது 3.5 கிகாஹெர்ட்ஸ். பேருல "எக்ஸ்எம்"னு முடியற பெரிய தலைங்களும் அதே சாக்கெட்ல உட்காரும், ஆனா அது 55 வாட். எனக்கு வேணாம். விலை 3,200 ரூபாய்க்குப் படிஞ்சது.

மாத்தறவங்களுக்கு சில குறிப்பு:

1. முதல்ல பயாஸை அந்த மாடலுக்கு வந்த கடைசி வெர்ஷனுக்குக் கொண்டு வந்துடுங்க. புது சிப்பை பயாஸ் அடையாளம் கண்டுக்கணும். சாக்கெட் ஒண்ணா இருக்கறதால மட்டும் ஓடிடாது.
2. பேட்டரியைக் கழட்டிட்டு, பவர் பட்டனை கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க. மிச்ச மீதி கரண்ட் போயிடும்.
3. ஹீட்சிங்க் ஸ்க்ரூ மேல 1, 2, 3, 4ன்னு நம்பர் போட்டிருப்பாங்க. அந்த வரிசையில, கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி இறுக்கணும். ஒரு பக்கமா இறுக்கினா சிப் ஓரம் உடைய வாய்ப்பு இருக்கு.
4. சாக்கெட் ஓரத்துல பூட்டுப் படம் போட்ட ஸ்க்ரூ இருக்கும். திறந்த பூட்டுப் பக்கம் திருப்பினா சிப் தானா கையில வரும். சிப்புக்கு அடியில 988 பின். ஒண்ணு வளைஞ்சாலும் வேலை முடிஞ்சது. மூலையில இருக்கிற சின்ன முக்கோணக் குறியைப் பார்த்து வைங்க, அழுத்தாதீங்க. சரியா வச்சா அதுவே விழுந்து உட்காரும்.

போட்டேன். ஸ்டார்ட் ஆச்சு. (அந்த முதல் பத்து செகண்ட் கறுப்பு ஸ்க்ரீன் இருக்கே... ரிசல்ட் பார்க்கிற மாதிரியேதான்.) அதே ஃப்ரேம் 8 நிமிஷம்.

ஆக 1,850 ரூபாய் சுத்தம் 5 நிமிஷம் குடுத்தது. 3,200 ரூபாய் ப்ராசஸர் 1 நிமிஷம் குடுத்தது. பிரயோஜனம் இல்லைன்னு சொல்லமாட்டேன். 300 ஃப்ரேம் ரெண்டர் பண்றப்போ ஒரு நிமிஷம்ங்கறது 5 மணி நேரம். ஆனா எது முதல்ல, எது ரெண்டாவதுங்கறது தெளிவாயிடுச்சு இல்லையா?

கார்டு ஏன் வாங்கலை?

இதுதான் நிறைய பேரு கேக்கற கேள்வி. 680எம் கார்டு ஒண்ணு விலை கேட்டேன். 9,500 சொன்னாங்க. அதோட பழைய ஹீட்சிங்க் ஆகாது. 660எம்-ல சின்ன சிப், 128 பிட் மெமரி. 680எம்-ல பெரிய சிப், 256 பிட் மெமரி, மெமரி சிப் இருக்கிற இடங்களும் வேற. 100 வாட்டைத் தாங்கற ஹீட்சிங்க் தனியா 2,500. கூட்டிப் பாருங்க, சரியா அம்மா குடுத்த 12,000. முழுசா முடிஞ்சது.

காசு இருந்தாலுமே மூணு விஷயம் இடிச்சுது.

முதல்ல, கார்டோட வயசு. பழைய கார்டுல சிப்புக்கு அடியில இருக்கிற இணைப்பு விட்டுப்போனா, ஹீட் கன்ல சூடு காட்டி உயிர் வரவழைக்கிற வைத்தியம் ஒண்ணு உண்டு. கடையில பளிச்சுனு படம் வரும், சில வாரத்துல திரும்பப் படுத்துக்கும். வெளியிலருந்து பார்த்துக் கண்டுபிடிக்கறது கஷ்டம். வாங்கறதா இருந்தா அங்கயே அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. ஓட்டிக் காட்டத் தயங்கினா நன்றி சொல்லிட்டு நடையைக் கட்டுங்க.

அடுத்தது டிரைவர். என்விடியா கெப்ளர்னு பேர் வச்ச இந்தக் குடும்பத்தோட லேப்டாப் கார்டுகளுக்குப் புது கேம் டிரைவர் குடுக்கறதை 2019 ஏப்ரல்லயே நிறுத்திட்டாங்க. லினக்ஸ்ல இதுக்கான 470 வரிசை டிரைவரும் 2024-ல முடிஞ்சது. அடுத்த தலைமுறையான மேக்ஸ்வெல், உதாரணமா 970எம், அதையும் சில மெஷின்ல போடறாங்க. ஆனா டிரைவரோட லிஸ்ட்டுல உங்க லேப்டாப்பும் அந்தக் கார்டும் சேர்ந்த ஜோடி இருக்காது, ஃபைலைத் திறந்து நாமளே எழுதிச் சேர்க்கணும். பயாஸ் ஒத்துக்கலைன்னா ஃபேன் கூட ஒழுங்கா சுத்தாது. அந்த மேக்ஸ்வெல்லுக்கும் கேம் டிரைவர் 2025 அக்டோபரோட முடிஞ்சது. இரும்பு நல்லா இருக்கும்போதே மென்பொருள் கையை விரிச்சுடுது. லாரிக்கு இந்தப் பிரச்சினை கிடையாதுன்னு மாமா கிட்ட பெருமையா சொன்னேன். "இப்ப வர்ற வண்டில எல்லாம் இருக்குது மாப்ள, லேப்டாப்பை சொருகாம ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சிரிச்சார்.

கடைசியா, எனக்கு உண்மையிலேயே என்ன வேணும்ங்கறது. என் ரெண்டர் ஓடறது ப்ராசஸர்ல. மாடலைத் திருப்பிப் பார்க்க 660எம் போதும். மிச்சம் இருக்கிற ஆசை கேம். பழைய கேம் எல்லாம் இதுலயே ஓடுது. புது கேம் 680எம் போட்டாலும் ஓடாது.

அதனால கார்டுக்குப் பதிலா 2,800-க்கு ஒரு எஸ்எஸ்டி போட்டேன். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது, விண்டோஸ் 11 கேக்கற ப்ராசஸர் லிஸ்ட்டுல மூணாவது தலைமுறை இல்லை. ஆகவே லினக்ஸ். மொத்த செலவு 1,850 + 3,200 + 2,800 = 7,850. மிச்சம் 4,150-ஐ அம்மா கிட்டயே திருப்பிக் குடுத்தேன். அவங்க ஒரு நிமிஷம் என்னை சந்தேகமா பார்த்தாங்க :-)

கதவு

இவ்வளவு நாள் இதோட மல்லாடினதுல எனக்குத் தோணின ஒரு விஷயத்தைச் சொல்லி முடிச்சுக்கறேன்.

எங்க பக்கம் பிரிச்சுப் போட்டுத் திரும்பக் கோக்கற ஊரு. 1950-கள்ல இருந்து திருவொற்றியூர்ல புல்லட் செஞ்சாங்க, எண்ணூர்ல லேலண்ட் லாரி செஞ்சாங்க. அதைச் செஞ்சவங்களும், செஞ்சவங்க கிட்ட கத்துக்கிட்டவங்களும் தெருவுக்குத் தெரு இருந்தாங்க. புல்லட் சிலிண்டர் தேய்ஞ்சா போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு இன்னும் பத்து வருஷம் ஓட்டுவாங்க. வண்டியைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வராது, வசதியும் கிடையாது. அந்த ஊர்ல வளர்ந்த எனக்கு, ஒரு ஸ்க்ரூவைத் திருகினா ப்ராசஸர் கையோட வர்ற மெஷின் ரொம்ப இயல்பா இருந்தது. இப்ப கடையில இருக்கிற லேப்டாப்ல அது கிடையாதுங்கறதுதான் எனக்கு விநோதமா இருக்கு.

மெலிசா வேணும், எடை குறைவா வேணும்னு நாமதான் கேட்டோம், அதையும் ஒத்துக்கணும். சால்டர் பண்ணா இடமும் மிச்சம், விலையும் குறையும். ஆனா கூடவே ஒரு கதவை மூடிட்டாங்க. மொத்தமா மூடலைங்கறது ஒரு ஆறுதல். ஃப்ரேம்வொர்க்னு ஒரு அமெரிக்கக் கம்பெனியோட 16 இன்ச் லேப்டாப் 2024-ல வெளிவர ஆரம்பிச்சது. அதுல கிராஃபிக்ஸ் தனி மாட்யூல், கழட்டி மாட்டலாம். 2025-ல அதுக்கே அடுத்த தலைமுறை மாட்யூலை அறிவிச்சாங்க. நம்ம அரசும் 2022 டிசம்பர்ல பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு தளம் திறந்தது. பழுது பார்க்கற உரிமை காகிதத்துல வர்றது நல்லதுதான். திறக்க ஒரு ஸ்க்ரூவும் உள்ள இருக்கணும்.

அதனால பழைய மெஷின் வச்சிருக்கிறவங்களுக்கு என் வரிசை இதுதான்: முதல்ல திற, தூசி எடு, பேஸ்ட் போடு. அப்புறம் எஸ்எஸ்டி. அப்புறம் அதே வாட்ல ஒரு படி மேல இருக்கிற ப்ராசஸர், அதுவும் உங்க வேலைக்கு ப்ராசஸர்தான் தேவைன்னா மட்டும். கிராஃபிக்ஸ் கார்டு கடைசி. அதை வாங்கறதுக்கு முன்னாடி ஹீட்சிங்க், அடாப்டர், பயாஸ், டிரைவர் நாலையும் விசாரிச்சுடுங்க. நாலுல ஒண்ணு இல்லைன்னாலும் காசை பாக்கெட்லயே வைங்க.

ராயபுரம் ஸ்டேஷன்ல இன்னும் தூண் எண்ணிக்கிட்டிருக்கேன். 300 ஃப்ரேம், ஃப்ரேமுக்கு 8 நிமிஷம், மொத்தம் 40 மணி நேரம். ராத்திரி ராத்திரியா ஓடுது.

டிஸ்கி: கடல் பக்கம் குடியிருக்கறவங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஃபேனைத் திறந்து சுத்தம் பண்ணுங்க. ப்ரஷ்ஷால தட்டும்போது ஃபேன் றெக்கையை விரலால பிடிச்சுக்குங்க, சுத்த விடாதீங்க. இது மாமா சொன்னதில்லை, நானே சொல்றது :-)